நிற்கிற வயலை எண்ணாதவள்

கோபிதா கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். பலகை முழுக்க நான் காலையில் வந்து அடிமட்டம் வைத்து வரைந்த கட்டங்கள். வரைந்து முடித்தபோது என் சேலையின் முன்பக்கம் பலகையைவிடக் கூடுதலாக வெண்கட்டி தின்றிருந்தது. இடப்பக்கம் கீழ் மூலையில் ‘ட’ என்ற எழுத்துப் போல ஓர் உருவம், ஐந்து கட்டம் சேர்ந்தது.

“‘ட’வ வலப்பக்கம் மூண்டு கட்டம், மேல ரெண்டு கட்டம் நகர்த்துங்க பாப்பம்,” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுட்டுவிரலை உருவத்தின் மூலையில் வைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. விரல் ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் லேசாகத் துள்ளியது. வலப்பக்கம் மூன்று துள்ளல், மேலே இரண்டு துள்ளல். அங்கே புதிய ‘ட’வை வரைந்துவிட்டு, கையிலிருந்த தூளைச் சட்டையில் தட்டிக்கொண்டு தள்ளி நின்றாள்.

“பிள்ளைகள், சரியா?”

“பிழை டீச்சர்!”

மிச்ச இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரே குரலில் சொல்லப் பழக்கியவள் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கோபிதாவின் கொப்பியை வாங்கி, அதிலும் அவள் அதே மாதிரிச் செய்திருந்ததைப் பார்த்து, சிவப்புப் பேனையால் ஒரு பெரிய பிழை போட்டேன். அந்தக் கிழமையில் அது மூன்றாவது. மை காய்வதற்கு ஊதியும் விட்டேன். அவ்வளவு அக்கறை.

அரங்கிலிருந்து கட்டத்துக்கு

நான் நாடகமும் அரங்கியலும் படித்துப் பட்டம் பெற்றவள் என்பது இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பட்டம் பெற்றுச் சில வருடம் வீட்டில் சும்மா இருந்து, கல்யாண வீடுகளில் “இன்னும் ஒண்டும் கிடைக்கல்லையோ?” என்ற கேள்விக்குச் சிரித்துச் சிரித்து வாய் நொந்த பிறகு நியமனக் கடிதம் வந்தது. ஆரம்பப் பிரிவு ஆசிரியை. படுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்கு ஆசிரியர்கள் போவார்கள்; படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு நெல் வரும். இந்தப் பண்டமாற்றில் எந்தக் கரைக்கு லாபம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதல் நாளே அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவர்.

“டீச்சர், தரம் அஞ்சுக்குக் கணக்குப் படிப்பிச்சவ மாற்றம் எடுத்துப் பெயித்தா. நீங்கதான் பாக்கணும்.”

“சேர், நான் நாடகம் படிச்சவள்.”

“அதுக்கென்ன? நாடகத்திலயும் ஆக்கள் மேடையில அங்காலயும் இஞ்சாலயும் நகருறதுதானே. கணக்கிலயும் இப்ப அதான் இரிக்கி. உருவங்கள நகர்த்துற பாடம். உங்களுக்கெண்டே வந்த மாதிரி.”

உருவம் நகர்த்துவது என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது பின்னால் விளங்கியது. கட்டத்தாளில் ஓர் உருவத்தை, அது திரும்பாமல், சரியாமல், பெருக்காமல், சொன்ன பக்கத்துக்குச் சொன்ன அளவு தள்ளி வைப்பது. அவ்வளவுதான். பெரிய வகுப்புகளில் இதற்குக் கனமான பெயரெல்லாம் உண்டு. இடம்பெயர்தல் என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் கணிதத்துக்குக் கொடுக்க ஏலாது. பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் அதை வேறு வழியில் படித்து முடித்துவிட்டார்கள். ஆகவே நாங்கள் ‘நகர்த்தல்’ என்றே சொன்னோம்.

இதற்காக ஒரு பயிற்சிப் பட்டறையும் நடந்தது. இரண்டு நாள். காலையில் மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. உரைகளெல்லாம் முடிந்து உண்மையான விசயத்துக்கு வந்தபோது தேநீர் வேளை. கட்டத்தில் எப்படி எண்ணுவது என்று பயிற்சி கொடுக்க வந்த வளவாளர் செய்துகாட்டிய நேரம் நான் மரக்கறி ரோல்ஸ் முடியப்போகிறது என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றேன். ரோல்ஸ் கிடைத்தது. சான்றிதழும் கிடைத்தது.

பாதை திரும்பாது

ஆனாலும் என்னிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. உருவம் நகரும்போது திரும்பக்கூடாது என்பதை விளக்க நான் ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன்.

மண்டூர்ப் பக்கம் போக நான் தினமும் வாவியைக் கடப்பது ‘பாதை’யில். பாதை என்று நாங்கள் சொல்வது ரோட்டை அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கிற தட்டையான பெரிய மிதவையை. அதில் நான் ஸ்கூட்டியை மேற்கே பார்த்தபடி ஏற்றுவேன். மேற்கே பார்த்தபடியே அது அக்கரைக்குப் போகும். மேற்கே பார்த்தபடியே இறக்குவேன். ஸ்கூட்டி திரும்பவில்லை, சரியவில்லை, பெருக்கவுமில்லை. நகர்ந்தது, அவ்வளவுதான்.

இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. என் திறமையில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“டீச்சர், கச்சான் காத்துக்குப் பாதை திரும்பும்,” என்று ஒரு குரல். கோபிதா.

“காத்தில்லாத நாள யோசிங்க,” என்றேன்.

அவள் யோசித்தாள். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, உண்மையாகவே காற்றில்லாத ஒரு நாளைத் தேடி எடுத்து வைத்து யோசிக்கிறாள். பிறகு தலையாட்டினாள். இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் ஆசிரியருக்குப் பெரிய தொல்லை.

எண்ணும் முறைக்கு வருவோம். என் முறை மிகத் தெளிவானது. உருவம் நிற்கிற கட்டத்தில் விரலை வைத்து ‘ஒண்டு’ என்று தொடங்க வேண்டும். பக்கத்துக் கட்டம் ரெண்டு. அதற்கடுத்தது மூண்டு. அங்கே வரைய வேண்டும். என் அப்பா எங்கள் ஊர்க் கோயிலில் வண்ணக்கராக, அதாவது நிர்வாகியாக இருந்தவர். எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான் எண்ணுவது. திருவிழா பத்து நாள் என்றால் தொடங்குகிற நாள்தான் முதல் நாள். அதை எண்ணாமல் விட்டால் சாமி ஒரு நாள் பிந்தித்தான் தீர்த்தமாடும். நான் பிறந்ததிலிருந்து சாமி ஒருமுறையும் பிந்தியதில்லை. ஆகவே முறை சரி.

இதை நான் வெறுமனே சொல்லிக்கொடுக்கவில்லை. நடிக்க வைத்தேன். பிள்ளைகள் எழுந்து நின்று, காலால் நிலத்தைத் தட்டி, “ஒண்டு! ரெண்டு! மூண்டு!” என்று தாளத்தோடு சொல்வார்கள். பக்கத்து வகுப்பில் சமயபாடம் நின்றுபோகும்.

ஒரு நாள் கோபிதா கையை உயர்த்தினாள்.

“டீச்சர், ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்துங்க எண்டு கேட்டா, அப்ப உருவத்த அசைக்கவே தேவல்லையா?”

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் கோபிதாவைப் பார்த்தேன்.

“அப்பிடியான கேள்வியெல்லாம் சோதினைக்கு வராது. இரிங்க.”

அவள் இருந்தாள்.

இன்னொரு நாள் பாடநூலில் ஒரு படம். ஓர் உருவம், அது நகர்ந்த இடம், கீழே ‘வலப்பக்கம் மூன்று கட்டம்’ என்று எழுதியிருந்தது. என் முறைப்படி எண்ணினால் நான்கு வந்தது. திரும்ப எண்ணினேன். நான்கு. “பிள்ளைகள், இதில அச்சுப் பிழை. மூண்ட வெட்டிட்டு நாலு எண்டு போடுங்க,” என்றேன். இருபத்திரண்டு பேர் வெட்டிப் போட்டார்கள். புத்தகத்தையே திருத்துகிற டீச்சர் எங்களுக்கு வந்திருக்கிறா என்று வீட்டில் போய்ச் சொன்னார்களாம். கோபிதா மட்டும் வெட்டவில்லை. பேனை முடிந்துவிட்டது என்றாள்.

மேலிடத்துப் பாராட்டு

இடையில் ஓர் ஆலோசகர் வகுப்பைப் பார்க்க வந்தார். பின்னால் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் முழங்காலை நெஞ்சுக்குக் கிட்டே மடக்கிக்கொண்டு இருந்தார். என் பிள்ளைகள் எழுந்து நின்று தட்டினார்கள் பாருங்கள், தகரக் கூரையிலிருந்து அணில் இறங்கி ஓடியது.

பதிவேட்டில் அவர் எழுதிய குறிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: ‘மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு. பாதை உதாரணம் பாராட்டத்தக்கது. சாளரத்தில் தூசு உண்டு.’

தூசைத் தட்டினோம்.

லிஸ்ட்

இனித்தான் விசயம் பாரதூரமானது.

புலமைப்பரிசில் பரீட்சை கிட்டே வந்துகொண்டிருந்தது. பத்து வயதுப் பிள்ளையின் தலைவிதியை ஒரே காலையில் எழுதி முடிக்கிற அந்தப் பரீட்சையைப் பற்றி நான் என்ன சொல்வது? அதில் நல்லாகச் செய்தால் எழுவான்கரையில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போகலாம். அதற்காகச் சனிக்கிழமைகளில் பக்கத்து ஊரில் விசேட வகுப்பு. ஆனால் அங்கே இடம் கொஞ்சம். ஆகவே அதிபர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதிரிப் பரீட்சை வைத்து, எழுபது புள்ளிக்குக் கீழே எடுக்கிறவர்களை ‘விசேட கவனிப்புக் குழு’ என்று ஒரு லிஸ்டில் போடுவது. விசேட கவனிப்பு என்றால் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று அர்த்தம். பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்தும் வைக்க வேண்டும்.

கணித வினாத்தாள் தயாரித்தது நான். விடைத்தாள் தயாரித்ததும் நான். திருத்தியதும் நான். வேறு யாரும் கைவைக்காதபடி பார்த்துக்கொண்டேன்.

கோபிதாவுக்கு அறுபத்தாறு. கட்டக் கேள்விக்கு எட்டுப் புள்ளி. அதில் அவளுக்குச் சைபர். மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும் எட்டுக்கு எட்டு. லிஸ்டில் நான்கு பெயர். நான்காவது அவள்.

மூன்று பேரின் தாய்மார் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கோபிதாவின் அம்மா வரவில்லை. சிறுபோகப் பயிரில் புல்லுப் பிடுங்கப் போகிறா, வேலையை விட்டு வர ஏலாது என்று பிள்ளை சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் கண் நிலத்திலேயே இருந்தது. லிஸ்ட் என்றால் என்ன என்று அவளுக்கு நல்லாகத் தெரியும்.

“அப்ப நான் வட்டைக்குப் போய் வாங்கிட்டு வாறன்,” என்றேன் அதிபரிடம். கடமையுணர்வில் என்னை மிஞ்ச ஆளில்லை.

மூன்று வயல் தள்ளி

வட்டை என்பது ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற வயல்களின் பெரும் வெளி. ஸ்கூட்டியை மருதமரத்தடியில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரிய வரம்பில் ஏறினேன். வாய்க்காலில் ஒருவர் மண்வெட்டியால் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

“கோபிதாட அம்மா எங்க நிக்கிறா?”

“நீங்க நிக்கிற வயலுக்கு அங்கால மூண்டு வயல் தள்ளி, டீச்சர். இந்த வரம்பால நேர போங்க.”

நேரே போனேன். எண்ணிக்கொண்டு போனேன். மூன்றாவது வயல் வந்ததும் சின்ன வரம்பில் இறங்கினேன். அங்கே ஒரு பெண் நீளக்கைச் சட்டை போட்டு, தலையையும் முகத்தையும் துணியால் சுற்றி, குனிந்தபடி புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வட்டையில் நின்ற எல்லாப் பெண்களும் அதே கோலம். நான் வரும்போதே மனதில் ஒத்திகை பார்த்த குரலில் தொடங்கினேன்.

“பாருங்க அம்மா, உங்கட மகள் நல்ல பிள்ளைதான். ஆனா அவக்கு எண்ணிக்கை விளங்குதில்ல. சொல்லிச் சொல்லிப் பாத்தன். சில பிள்ளைகளுக்கு அது வராது. அதுக்காக நீங்க மனவருத்தப்படக்கூடாது.”

அவள் நிமிர்ந்து துணியை விலக்கினாள்.

“எனக்கு மகள் இல்ல டீச்சர். நாலும் பொடியன்மார்.”

நான் ஓர் அடி பின்னால் வைத்தேன். வரம்பு அங்கே முடிந்திருந்தது. முழங்கால் வரை சேறு.

அடுத்த வயலிலிருந்து ஒருத்தி கைதட்டிக் கூப்பிட்டாள். “டீச்சர்! இஞ்சால! நான்தான் கோபிதாட அம்மா!” சிரிப்பை அடக்கமுடியாமல் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “ஒரு வயல் முன்னுக்கே இறங்கிட்டீங்க. நிண்ட வயலயும் சேத்து எண்ணிட்டீங்க போல!”

“மூண்டு வயல் எண்டுதானே சொன்னாங்க.”

“நிக்கிற வயல ஆரும் எண்ணுவாங்களா டீச்சர்? வரம்பு ஒண்டு கடந்தாத்தானே ஒண்டு.”

புல்லுப் பிடுங்கிய பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான்கு பொடியன்களின் தாய் சேற்றிலேயே குந்திவிட்டாள்.

நான் சிரிக்கவில்லை. ஏறி வந்த வரம்பைத் திரும்பிப் பார்த்தேன். வழி கேட்டபோது நான் நின்ற வயல். அங்கிருந்து ஒரு வரம்பு, இரண்டு வரம்பு. இரண்டுதான். நான் மூன்று தள்ளி வந்ததாக நினைத்தது இரண்டு. கோபிதாவின் விரல் கோட்டில் ஏன் துள்ளியது என்று அப்போது விளங்கியது. அவள் கட்டங்களை எண்ணவேயில்லை, கடந்த வரம்புகளை எண்ணினாள். ஒவ்வொரு முறையும் சரியாக எண்ணினாள். அவளைத் தவிர வகுப்பில் அன்றுவரை யாரும் சரியாக எண்ணவில்லை, நான் உட்பட.

“கையெழுத்து எங்க வைக்கணும் டீச்சர்?”

அந்த அம்மா கிட்டே வந்து கையைச் சட்டையில் துடைத்துவிட்டு என் கையிலிருந்த தாளைத் தானே எடுத்தாள். முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

“சனிக்கிழமை வகுப்புக்குப் போகல்லெண்டா பாஸ் பண்ண ஏலாதெண்டு எல்லாரும் சொல்றாங்க. அவவும் வீட்ட வந்து அழுதவ. எனக்கும் ஆசைதான், இந்தச் சேத்துக்க என்னோட வந்து நிக்காம அவ படிக்கணுமெண்டு. ஆனா நீங்க படிச்ச ஆக்கள். உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது?”

என் பேனையால், என் கைப்பையின் மேல் வைத்து, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். ஓரத்தில் பெருவிரலின் சேறு பதிந்தது.

“நான் அவக்குச் சொல்லிட்டன் டீச்சர். உன்ட எண்ணுகைய விட்டுட்டு, டீச்சர் எண்ணுற மாதிரியே எண்ணிப் பழகு எண்டு. நேத்துப் பின்னேரம் முழுக்க முத்தத்தில கட்டம் கீறி அதத்தான் செஞ்சவ.”

அந்த இடத்திலேயே தாளைக் கிழித்திருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. “சரி அம்மா, வாறன்,” என்று சொல்லிவிட்டு வந்தேன். வெட்கம்தான் காரணம். அதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது இருக்குமா என்று பல வருடம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

திரும்பும்போது பாதையில் நின்று பாடநூலை எடுத்தேன். ‘வலப்பக்கம் மூன்று கட்டம்’. என் விரலால் கோடுகளைத் தாண்டி எண்ணினேன். மூன்று. அச்சுப் பிழை ஒன்றும் இருக்கவில்லை. காற்று இருந்தது. பாதை கொஞ்சம் திரும்பித்தான் போனது.

எல்லாருக்கும் எட்டு

மறுநாள் காலையிலேயே அதிபரிடம் போனேன். அவர் பதினைந்து நிமிடம் கட்டத்தாளில் விரலை வைத்து எண்ணினார். இரண்டு விதமாகவும் எண்ணினார். வெற்றிலை போட்டுவிட்டு மறுபடி எண்ணினார்.

“நீங்க சொல்றது சரியெண்டே வைப்பம் டீச்சர்.”

“வைக்கத் தேவல்ல சேர். சரிதான். என்ட விடைதான் பிழை.”

“அப்ப விடையத் திருத்தினா மத்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் எட்டு எட்டுக் குறையும்.” புள்ளித்தாளில் பேனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டார். “பதினஞ்சு பேர் புதுசா லிஸ்டுக்கு வருவாங்க. கோபிதா ஒராள் வெளிய போவா. ஒராளுக்காகப் பதினஞ்சு பேரையா?”

“அதுகள் நான் சொல்லிக் குடுத்தத்தானே சேர் செஞ்சதுகள்.”

“அதத்தான் நானும் சொல்றன்.”

சேறு பதிந்த தாளை மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்க்காமல் சாளரத்தைப் பார்த்தார். தூசு இருக்கவில்லை.

“சேர், இந்தப் பிள்ள லிஸ்டில இருந்தா நான் அந்த வகுப்புக்குள்ள போக மாட்டன்.”

என் வாயிலிருந்து நாடகத்தனமில்லாமல் வந்த ஒரே வசனம் அதுவாகத்தான் இருக்கும். அதிபர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, நான் முன்பே சொன்னேன், எதற்கும் வழி வைத்திருப்பவர். கேள்வியில் தெளிவில்லை என்று ஒரு குறிப்பு எழுதினார். கேள்வி இரத்து. எல்லாருக்கும் முழுப் புள்ளி. சரியாகச் செய்தவளுக்கும் எட்டு, என்னை நம்பிக் கெட்டவர்களுக்கும் எட்டு. யாரும் குறையவில்லை, யாரும் பிழை விடவில்லை, எந்த டீச்சரும் எந்த ரோல்ஸ் வரிசையிலும் நிற்கவில்லை. கோபிதாவுக்கு எழுபத்து நான்கு. அவள் பெயரை லிஸ்டில் வெட்டினார். சேற்றுத் தாளை நான் கிழித்தேன்.

சனிக்கிழமை வகுப்புக்கு அவள் போவாள். கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் நாடகம் படித்தவள். பெரிய முடிவுக் காட்சி இல்லாமல் எனக்குத் திரையை இழுக்கத் தெரியாது.

முடிவுக் காட்சி

கரும்பலகையில் மறுபடி கட்டம் வரைந்தேன். அதே மூலையில் அதே ‘ட’. வகுப்பின் நடுவில் வந்து நின்றேன்.

“பிள்ளைகள், டீச்சர் ஒரு பெரிய பிழை விட்டுட்டன்.”

“இல்ல டீச்சர்!” என்று இருபத்திமூன்று பேரும் ஒரே குரலில்.

“விட்டுட்டன். எண்ணுறதில பிழை. நம்மட வகுப்பில ஒராள் மட்டும் எப்பவும் சரியா எண்ணினவ. நான்தான் அவட கொப்பியில பிழை பிழையாப் போட்டன். இண்டைக்கு அவ நமக்குச் செய்து காட்டுவா. கோபிதா, இஞ்ச வாங்க மனே.”

அவள் எழுந்து வந்தாள். வெண்கட்டியை நானே கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு சொல்வதற்குப் பாதையில் வரும்போது நல்ல பேச்சு ஒன்று தயாரித்து வைத்திருந்தேன். ஆசிரியரும் கற்கலாம் என்ற மாதிரி. நடுவில் குரல் தழுதழுக்கிற இடமும் குறித்து வைத்திருந்தேன்.

“வலப்பக்கம் மூண்டு, மேல ரெண்டு. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிச் செய்யுங்க.”

கோபிதா சுட்டுவிரலை ‘ட’வின் மூலையில் வைத்தாள்.

“ஒண்டு,” என்றாள்.

விரல் அசையவில்லை.

“ரெண்டு. மூண்டு.” பக்கத்துக் கட்டம், அதற்கடுத்த கட்டம். காலால் நிலத்தையும் தட்டினாள், நான் பழக்கியபடி. பிறகு மேலே. “ஒண்டு, ரெண்டு.” அங்கே ‘ட’வை வரைந்தாள். ஒரு கோடும் கோணவில்லை.

“சரி டீச்சர்!” என்று வகுப்பு கத்தியது. சிலர் கைதட்டினார்கள். அந்தத் தவணையில் கோபிதாவுக்கு வகுப்பு ‘சரி’ சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் வகுப்பைப் பார்த்துச் சிரித்தாள். மேற்பல் ஒன்று விழுந்திருந்தது. நான் அதுவரை கவனிக்கவில்லை. அவள் என் வகுப்பில் சிரித்ததேயில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் மறுபடியும் பிழை என்று சொல்ல வேண்டியிருந்தது.

“இல்ல மனே,” என்றேன். “நிக்கிற வயல ஆரும் எண்ணுவாங்களா?”

சிரிப்பு போய்விட்டது. வெண்கட்டியைக் கீழே வைக்கவும் மறந்து, விளங்காமல் என்னையே பார்த்தாள்.

“நீங்கதானே டீச்சர் எண்ணச் சொன்னீங்க.”

குரல் தழுதழுக்கக் குறித்து வைத்திருந்த இடம் இது அல்ல. ஆனால் தழுதழுத்தது. பேச்சை மறந்துவிட்டேன். முழந்தாளிட்டு, அவளுடைய விரலைப் பிடித்து, ஒரு கோட்டைத் தாண்டி வைத்தேன். “இது ஒண்டு,” என்றேன். அவள் விரல் என் கையில் விறைப்பாக இருந்தது.

மற்ற இருபத்திரண்டு பேரும் புது முறைக்கு இரண்டே நாளில் மாறிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. டீச்சர் சொன்னால் சரி. கோபிதாவுக்குத்தான் தவணை முடியும்வரை எடுத்தது. இறுதியில் சரியாகவே எண்ணினாள், விரலும் பழையபடி கோட்டைத் தாண்டியது. ஆனால் தொடங்குமுன் ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்துக்கொள்வாள்.